14 மாதம் ஆகிவிட்டது, இன்னும் நடக்கவில்லை: எது தாமதம், எது இயல்பு?

பீனிக்ஸ்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு 14 மாதம். தனியாக நடக்கவில்லை, தவழவும் இல்லை, உட்கார்ந்தபடியே பின்புறத்தை இழுத்து இழுத்து வீடு முழுக்கப் போய்விடுகிறான். என் நாத்தனார் மகள் 10 மாதத்தில் நடந்துவிட்டாள், அதனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடினாலே இந்தப் பேச்சுதான். மாமியார் ஒரு வாக்கர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பாதிப்பேர் "சோம்பேறிப் பயல், தானாக நடப்பான் விடு" என்கிறார்கள், மீதிப்பேர் "காலில் ஏதோ கோளாறு, மறைக்காதே" என்கிறார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கமே போய்விட்டது. உங்கள் பிள்ளைகள் எப்போது நடந்தார்கள்? எந்த வயதுவரை பொறுக்கலாம்?

மல்லிகை_சாட்ஸ்வொர்த்

பயப்படாதேம்மா. என் பெரியவன் 11 மாதத்தில் நடந்தான், சின்னவன் ஒன்றேகால் வயது தாண்டித்தான் எழுந்து நின்றான். இப்போது தெருவில் பந்து விளையாடும்போது யார் முதலில் நடந்தவன் என்று யாராலும் சொல்ல முடியாது. நாத்தனார் வீட்டுப் பேச்சைக் காதிலேயே வாங்காதே.

கிளினிக்_அக்கா

தங்கச்சி, நான் இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கிளினிக்கில் குழந்தைகளுக்கு எடை போட்டு ஊசி போட்டே காலம் கழித்தவள், இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வந்த அம்மாக்கள் ஏராளம். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சில விவரம் வேண்டும், ஏனென்றால் "14 மாதம், நடக்கவில்லை" என்பதை மட்டும் வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

நிறைமாதத்தில் பிறந்தானா? சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கிறானா, பிடித்தபடியே பக்கவாட்டில் அடி வைக்கிறானா? இரண்டு கையையும் ஒரே மாதிரி உபயோகிக்கிறானா, இல்லை ஒரு கையை மட்டுமா? கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? இதுவரை செய்துகொண்டிருந்த எதையாவது நிறுத்திவிட்டானா? கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

அதற்குள் ஒரு கணக்கு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்டது. தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கிறது. நன்றாகக் கவனியுங்கள், சீக்கிரம் நடந்த பிள்ளைக்கும் கடைசியாக நடந்த பிள்ளைக்கும் 9 மாதத்துக்கு மேல் இடைவெளி, இரண்டுமே நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள். முட்டிபோட்டுத் தவழ்வதற்கு 5.2இலிருந்து 13.5 மாதம். அதில் 100க்கு நாலைந்து குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழவே இல்லை, வேறு வழியில் நகர்ந்து நேராக நடைக்குப் போய்விட்டார்கள். உன் பையனைப் போல உட்கார்ந்தே நகர்கிற பிள்ளைகள் பொதுவாகக் கொஞ்சம் தாமதமாகத்தான் நடக்கும், குடும்பத்தில் வேறு யாராவது அப்படி நகர்ந்திருப்பார்கள், உன் வீட்டுக்காரரைப் பற்றி மாமியாரிடம் கேட்டுப் பார்.

பீனிக்ஸ்_அம்மா

அக்கா, ரொம்ப நன்றி. கேட்டேன், என் வீட்டுக்காரர் அப்படித்தான் நகர்ந்தாராம்! மாமியாருக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது. பையன் 33 வாரத்தில் பிறந்தான், கொஞ்ச நாள் இன்குபேட்டரில் இருந்தான். நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கிறான், பிடித்தபடி நாலு அடி வைக்கிறான். இரண்டு கையும் ஒரே மாதிரிதான். "டா டா" சொல்லிக் கையாட்டுகிறான், விளக்கு எங்கே என்றால் விரலைக் காட்டுகிறான். எதையும் நிறுத்தவில்லை.

கிளினிக்_அக்கா

33 வாரமா? அப்போது இந்தக் குடும்பச் சண்டையே தப்பான வயதை வைத்து நடக்கிறது. 40 வாரத்துக்கு 7 வாரம் முன்னாலேயே வந்துவிட்டான். அந்த 7 வாரத்தைக் கழித்துப் பார்த்தால் அவனுக்கு வளர்ச்சிக் கணக்கில் ஏறக்குறைய 12 மாதம் 2 வாரம்தான். குறைமாதக் குழந்தைக்கு 2 வயது வரைக்கும் இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், எடை, உயரம், உட்காருவது, பேசுவது எல்லாவற்றுக்கும். ஊசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படியே போட வேண்டும், இதில் பலர் குழம்புகிறார்கள்.

பன்னிரண்டரை மாதப் பிள்ளை பிடித்து நிற்கிறான், பிடித்து நடக்கிறான், விரல் காட்டுகிறான் என்றால் அவன் போகிற வழியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறான். 18 மாத ஊசிக்குப் போகும்போது, கிளினிக்கில் கொடுத்த 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தில் வளர்ச்சிப் பக்கத்தை நர்ஸிடம் காட்டி நிரப்பச் சொல், எடை மட்டும் போட்டுவிட்டு அனுப்பினால் விடாதே. அங்கேயும் 33 வாரம் என்பதைச் சொல். அப்போதும் நடக்கவில்லை என்றால் பிசியோவுக்குச் சீட்டு கேள். இங்கே 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு மருத்துவம் 1994இலிருந்தே இலவசம், கேட்கத் தயங்காதே.

18 மாதம் வரை காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் உபயோகித்தால், கால்கள் கத்தரிபோல் விறைத்துக் குறுக்கே போனால், 9 மாதத்தில் உட்கார வைத்தாலும் சரிந்து விழுந்தால், 4 மாதத்தில் தலை நிற்காவிட்டால், வந்த திறமை எதுவும் எந்த வயதிலும் திரும்பிப் போனால், அந்த வாரமே காட்டுங்கள். "பையன் சோம்பேறி" என்று சொல்லி ஒரு வருஷம் கழித்துக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகளில் சோம்பேறி கிடையாது. நகர முடிந்தால் நகரும், முடியவில்லை என்றால் காரணம் இருக்கும்.

அந்த வாக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடு. நடக்கக் கற்றுக்கொடுக்காது, படியில் உருண்டு தலையில் அடிபட்டு வருகிற குழந்தைகள்தான் மிச்சம். கனடாவில் 2004இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். வீட்டுக்குள் செருப்பு, ஷூ எதுவும் வேண்டாம், வெறுங்காலோடு விடு, பிடித்து நடக்க உறுதியான மேசை நாற்காலி போதும்.

டொங்காட்_தாத்தா

தங்கை நன்றாகச் சொன்னீர்கள். நான் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்தவன், மருத்துவம் தெரியாது, ஆனால் இதைப் படிக்கும்போது எனக்குப் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வருகிறது. பத்துப் பருவம் வைத்துப் பாடினார்கள் அல்லவா? ஐந்தாம் மாதம் செங்கீரை: கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையைத் தூக்கி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை தட்டுவது. பதினோராம் மாதம் முத்தம் கேட்பது. ஒரு வயதை ஒட்டி வாரானை: "வா வா" என்று தளர்நடையில் வரக் கூப்பிடுவது. அப்புறம் அம்புலி: நிலாவைக் காட்டி விளையாட வரச் சொல்வது. கடைசியில் ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர், பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். கடவுளையும் அரசனையும் பாடுவதற்கு முன்னால் யாரோ ஒருத்தி தன் வீட்டுக் குழந்தையை ரொம்ப உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாள். இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் பாட்டிமார்கள் ஏடு படித்ததில்லை, ஆனால் "சாஞ்சாடம்மா சாஞ்சாடு" பாடிப் பிள்ளையை மடியில் ஆட்டினார்கள்.

கிளினிக்_அக்கா

தாத்தா, இதை நீங்கள் கிளினிக்கில் வந்து சொல்லியிருக்க வேண்டும்! 9 மாதத்தில் கை தட்டுவது நாங்களும் கேட்கிற கேள்விதான். அம்புலிப் பருவம் பற்றி நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த ஒன்றை வீட்டிலேயே யாரும் பார்க்கலாம், காசு செலவில்லை.

நிலாவைக் காட்டும்போது சின்னக் கைக்குழந்தை உங்கள் விரலைத்தான் பார்க்கும். ஒரு வயது வாக்கில் விரலை விட்டுவிட்டு விரல் காட்டுகிற பக்கம் பார்க்கும். அப்புறம் நிலாவைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், "நீயும் பார்த்தாயா" என்று கேட்பதுபோல. ஒன்றரை வயதில் தானே விரல் நீட்டும், வேண்டும் என்று கேட்பதற்கு மட்டுமல்ல, சும்மா உங்களுக்குக் காட்டுவதற்காகவே. பேச்சு இதன் மேல்தான் ஏறி வருகிறது. 18 மாதத்திலும் எதையும் காட்டவில்லை, நீங்கள் காட்டினாலும் பார்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காதையும் பார்க்க வேண்டும், ஆட்டிசம் இருக்குமோ என்றும் பார்க்க வேண்டும். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் உதவி தொடங்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அம்மா வேலைக்குப் போனதால் வந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

மேரிட்ஸ்பர்க்_அப்பா

அக்கா, பேச்சு என்றதும் கேட்கிறேன். என் மகளுக்கு 2 வயது 3 மாதம். அதிகம் பேசுவதில்லை. பகலில் அவளை என் அம்மா பார்த்துக்கொள்கிறார், தமிழ்தான். நானும் மனைவியும் இங்கிலீஷ். வீட்டு வேலைக்கு வருகிற கோகோ (சூலு மொழிக்காரப் பாட்டியம்மா) அவளோடு சூலுவில் பேசுவார். ஒரு இடத்தில் காட்டினோம், "மூன்று மொழி குழப்புகிறது, தமிழையும் சூலுவையும் நிறுத்துங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். இங்கிலீஷ் வார்த்தைகளை மட்டும் எண்ணிவிட்டு வயதுக்குக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து என் அம்மா பிள்ளையோடு பேசவே பயப்படுகிறார். வீடே அமைதியாகிவிட்டது.

மல்லிகை_சாட்ஸ்வொர்த்

இதைப் படித்ததும் வயிறு எரிகிறது தம்பி. உங்கள் அம்மாவைப் பேச விடுங்கள்!

கிளினிக்_அக்கா

தம்பி, முதலில் அம்மாவிடம் போய், நிறுத்தாமல் பேசச் சொல்லுங்கள், இன்றைக்கே. இரண்டு மூன்று மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. உலகத்தில் எத்தனையோ குழந்தைகள் இப்படித்தான் வளர்கிறார்கள், இந்த நாட்டிலேயே பாருங்கள், டவுன்ஷிப்பில் மூன்று நான்கு மொழி கேட்டு வளராத பிள்ளை எத்தனை?

எண்ணுகிறபோது எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டுங்கள், உங்கள் அம்மா, கோகோ, நீங்கள் எல்லோரும் அவள் சொன்னதை எழுதுங்கள். "தண்ணி" என்றாலும் கணக்கு, "அமான்சி" என்றாலும் கணக்கு, "வாட்டர்" என்றாலும் கணக்கு. உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை, ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது ஒரு சொல். இரண்டு சொல்லைச் சேர்க்கிறாளா பாருங்கள், இங்கிலீஷ் 'மோர்' (இன்னும்) போட்டு "மோர் தண்ணி" என்று கலந்து சொன்னாலும் சேர்த்ததுதான். 2 வயதில் ஏறக்குறைய 50 சொல்லும், இரண்டு இரண்டாகச் சேர்ப்பதும் எதிர்பார்ப்போம். மூன்று மொழியையும் சேர்த்தும் அதற்குக் குறைவாக இருந்தால், அப்போது மொழி காரணமில்லை, வேறு ஏதோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும். "நிறைய மொழி" என்று சொல்லித் தேடலை நிறுத்துவதுதான் ஆபத்து.

முதலில் காது. பிறந்தவுடனே காது கேட்கிறதா என்று சோதிப்பது இங்கே எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதில்லை. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்குக் காதுக்குள் நீர் தேங்கி, நமக்குத் தெரியாமலேயே பாதிதான் கேட்டுக்கொண்டிருக்கும். ஆடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். பின்னால் நின்று, கையால் எதையும் காட்டாமல், "செருப்பை எடுத்து வா" என்று அவளுக்குப் பழகிய மொழியில் சொல்லிப் பாருங்கள், செய்கிறாளா என்று.

இன்னொன்று. உங்கள் அம்மாவுக்குத் தமிழில் கதை வரும், பாட்டு வரும், கோபம் வரும், கொஞ்சல் வரும். இங்கிலீஷில் அவருக்கு "கம், ஈட், நோ" மட்டும்தான் வருமென்றால், தமிழை நிறுத்தினால் பிள்ளைக்குப் பகல் முழுக்கக் கிடைப்பது மூன்று சொல்தான். அதனால் பேச்சு எப்படி வளரும்?

மேரிட்ஸ்பர்க்_அப்பா

அம்மாவிடம் படித்துக் காட்டினேன் அக்கா. தாளும் ஒட்டிவிட்டோம். காது சோதனைக்கு நாள் கேட்டிருக்கிறோம். கோகோ சொல்லித்தான் தெரிந்தது, அவரோடு இவள் "ஹம்பா" (சூலுவில் 'போ') என்று சொல்லிக் கோழியை விரட்டுகிறாளாம், எங்களுக்குத் தெரியவே தெரியாது.

வெருலம்_புதுசு

வணக்கம். நான் இங்கே புதுசு, படித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இப்போது 22 வாரம், முதல் குழந்தை. வயிற்றுக்குள் பேசினால் கேட்கும் என்று மாமி சொல்கிறார், உண்மையா? குழந்தையின் துடிப்பு (அசைவு) சில நாள் நன்றாகத் தெரிகிறது, சில நாள் இல்லை. இன்னும் என்னென்ன கவனிக்க வேண்டும்?

கிளினிக்_அக்கா

வாழ்த்துகள் கண்ணு. எல்லோரும் பிறந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், வளர்ச்சியில் பெரிய பகுதி அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கரு தரித்து 4 வாரத்துக்குள் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப் போகிற குழாய் மூடிக்கொள்கிறது, பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. அதற்குத்தான் ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே உடம்பில் இருக்க வேண்டும். இந்த நாட்டில் 2003 அக்டோபரிலிருந்து மீலிமீல் என்கிற சோள மாவிலும் கோதுமை மாவிலும் அதைச் சேர்க்கச் சட்டம் போட்டார்கள், அதன் பிறகு இந்தக் குழாய் சரியாக மூடாமல் பிறக்கிற குழந்தைகள் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்ததாகக் கணக்கெடுத்தார்கள். அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறவர்கள் மாத்திரையை முன்பே தொடங்குங்கள்.

முதல் பிரசவத்தில் துடிப்பு 18 முதல் 20 வாரம் வாக்கில் தெரிய ஆரம்பிக்கும், இப்போது விட்டு விட்டுத் தெரிவது சகஜம். 28 வாரம் தாண்டியபின் உன் பிள்ளைக்கென்று ஒரு வழக்கம் பிடிபடும். அந்த வழக்கம் திடீரென்று குறைந்தால் காலைவரை காத்திருக்காதே, அன்றைக்கே போ. அப்போதிலிருந்து மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துத் தூங்கு.

கேட்பது உண்மைதான். 24, 25 வாரத்திலிருந்து காது வேலை செய்யத் தொடங்குகிறது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் வேறு பெண்ணின் குரலைவிடத் தன் தாயின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பும் விதத்தை மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பாட்டுப் பாடுகிறோம், அந்தச் சமயத்தில் உள்ளே இருப்பது நிஜமாகவே கேட்டுக்கொண்டிருக்கும். பேசு, பாடு, வீட்டுக்காரரையும் பேசச் சொல்.

ஒரு சொட்டு மதுவும் வேண்டாம். கல்யாண வீட்டில் "ஒரு கிளாஸ் வைன்தானே" என்பார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை, மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது, மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கிற குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகம் இருக்கிற நாடுகளில் ஒன்று நம்முடையது. சிகரெட் புகையும் அப்படித்தான், பக்கத்தில் பிடிக்கிறவரை வெளியே அனுப்பு.

பிறந்தபின் முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், பயந்து பால்மாவு ஆரம்பிக்காதே, பத்து நாள், இரண்டு வாரத்தில் திரும்ப ஏறிவிடும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ரூய்பாஸ் தேநீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம், யார் வாங்கி வந்தாலும். 6 வாரம் முதல் 8 வாரத்துக்குள் உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகக் காத்திரு.

லெனேசியா_மாமா

எல்லாம் சரி, ஆனால் இந்தக் காலத்துப் பெற்றோர் அதிகமாக இடம் கொடுக்கிறார்கள். என் பேரனுக்கு 2 வயது, கடையில் தரையில் விழுந்து புரளுகிறான். பின்னால் ஒரு தட்டு தட்டினால் அடங்கும். எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள்.

மேரிட்ஸ்பர்க்_அப்பா

மாமா, மரியாதையோடு சொல்கிறேன், 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, "அளவான தண்டனை" என்று சொல்லிப் பெற்றோர்கூட அடியை நியாயப்படுத்த முடியாது. பள்ளியில் 1996 சட்டத்திலேயே அடி தடை.

டொங்காட்_தாத்தா

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நானும் அடி வாங்கி வளர்ந்தவன், என் காலத்து வாத்தியார்கள் பிரம்பு வைத்திருந்தார்கள். பிரம்பு இருந்த வகுப்பில் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள், கேள்வி கேட்கவில்லை. பிரம்பு இல்லாத வகுப்பில் சத்தம் இருந்தது, தமிழும் வந்தது. எது வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

கிளினிக்_அக்கா

மாமா, உங்கள் பேரன் கெட்டுப்போகவில்லை, 2 வயது. ஒன்றரையிலிருந்து 3 வரை இது எல்லா வீட்டிலும் உண்டு. அவனுக்கு ஆசை பெரிதாகிவிட்டது, சொல்ல வார்த்தை போதவில்லை, பொங்குகிற பாலில் தண்ணீர் தெளிப்பதுபோல் தன்னை அடக்குகிற மூளைப்பகுதி இன்னும் முற்றவில்லை. பக்கத்தில் குனிந்து உட்காருங்கள், "உனக்கு அது வேண்டும், கிடைக்கவில்லை, கோபம்" என்று ஒரே வரி, அவ்வளவுதான். கேட்டதை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம், விட்டுவிட்டும் போக வேண்டாம். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள், பாதி அழுகை அங்கேயே தீரும். அடித்தால் அப்போது அடங்கும், உண்மைதான், பயத்தில் அடங்குகிறான். அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ளவில்லை.

லெனேசியா_மாமா

சரி தங்கச்சி, அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்க்கிறேன்.

மல்லிகை_சாட்ஸ்வொர்த்

பள்ளி வயசைப் பற்றி யாரும் பேசவில்லையே? என் சின்னவன் 6 வயதிலும் படுக்கையை நனைக்கிறான், கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வகுப்பு) டீச்சர் எழுத்து இன்னும் வரவில்லை என்று குறை சொல்கிறார்.

கிளினிக்_அக்கா

5 வயதில் நூறில் ஏறக்குறைய 15 பிள்ளைகள் இரவில் நனைப்பார்கள், பெரும்பாலும் ஆண்பிள்ளைகள், குடும்பத்தில் வரும், வருஷா வருஷம் தானாகக் குறையும். திட்டாதே, மற்றவர்கள் முன்னால் சொல்லாதே. பல மாதம் காய்ந்திருந்துவிட்டு மறுபடி நனைக்க ஆரம்பித்தாலோ, நிறையத் தண்ணீர் குடித்து மெலிந்தாலோ, பகலிலும் நனைத்தாலோதான் டாக்டர், அதில் தண்ணீர்த் தாகமும் மெலிவும் சேர்ந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். கிரேடு ஆரில் எழுத்து வரவில்லை என்று கவலைப்படாதே, ஒற்றைக்காலில் நிற்கிறானா, கத்தரிக்கோல் பிடிக்கிறானா, கதையைத் திருப்பிச் சொல்கிறானா, இன்னொரு பிள்ளையோடு முறை வைத்து விளையாடுகிறானா என்று பார்.

டொங்காட்_தாத்தா

கதை சொல்வதை விடாதே மல்லிகை. 2021இல் எடுத்த பன்னாட்டுத் தேர்வில் நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவிகிதம் பேருக்குப் படித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை. எழுத்துக் கூட்டத் தெரிகிறது, பொருள் ஏறவில்லை. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த வழி முன்பே தெரிந்திருக்கும், எந்த மொழியில் கேட்டாலும் சரி.

வெருலம்_புதுசு

இன்னொன்று கேட்கலாமா? என் அக்கா மகளுக்கு 9 வயது, போன மாதம் பெரியவளாகிவிட்டாள். வீட்டில் மண்டபம் பிடித்துச் சடங்கு செய்யப் பேசுகிறார்கள். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள்.

கிளினிக்_அக்கா

கண்ணு, மண்டபத்துக்கு முன்னால் டாக்டர். பெண்பிள்ளைக்கு 8 முதல் 13 வயதுக்குள் மார்பு அரும்பத் தொடங்கும், அதற்கு இரண்டு, இரண்டரை வருஷம் கழித்துத்தான் பொதுவாக மாதவிலக்கு. 8க்கு முன் மார்பு வளர்ந்தாலோ 10க்கு முன் மாதவிலக்கு வந்தாலோ பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் பெரிய காரணம் ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்க்க வேண்டும், எலும்பு சீக்கிரம் முற்றி உயரம் நின்றுபோகலாம். அதே போல 13 வரை எந்த அறிகுறியும் இல்லை, 15 வரை மாதவிலக்கு இல்லை என்றாலும் காட்டுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி ஊசி 2014 முதல் அரசுப் பள்ளிகளில் 9 வயது தாண்டிய பெண்பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள், தாள் வந்தால் கையெழுத்துப் போடச் சொல்.

சடங்கைப் பற்றி: உடம்பு முன்னால் ஓடிவிட்டது, மனசு இன்னும் 9 வயதுதான். அவளிடம் கேளுங்கள். மஞ்சள் தண்ணீர், புதுப் புடவை, அம்மா பாட்டி மட்டும் என்று வீட்டுக்குள் செய்தால் போதாதா? போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்புவது வேண்டவே வேண்டாம், நாளைக்கு வகுப்பில் பையன்கள் பார்ப்பார்கள்.

மல்லிகை_சாட்ஸ்வொர்த்

பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசியதால் கேட்கிறேன் அக்கா, நேரில் யாரிடமும் கேட்க முடியவில்லை. என் பெரியவனுக்கு 13. மார்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல், இப்போது மேல்சட்டை இல்லாமல் நிற்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். ராத்திரி 12 வரை தூங்குவதில்லை, காலையில் எழுப்ப முடியவில்லை.

கிளினிக்_அக்கா

நல்லவேளை கேட்டாய். இது பருவ வயதுப் பையன்களில் பாதிப்பேர் வரைக்கும் வரும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஹார்மோன்கள் சமநிலைக்கு வருவதற்குள் மார்புச் சுரப்பித் திசு கொஞ்சம் வீங்கும், 6 மாதத்திலிருந்து 2 வருஷத்துக்குள் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். அவனிடம் நேராகச் சொல், இல்லை அப்பாவைச் சொல்லச் சொல்: "உனக்கு ஒன்றும் இல்லை, உன் வகுப்பிலேயே பலருக்கு இருக்கும்." ஒரு பக்கம் மட்டும் கல்லாகக் கெட்டியாக இருந்தால், நீர் வடிந்தால், வேகமாகப் பெரிதானால் டாக்டரிடம் காட்டு.

பையன்களுக்குப் பருவம் 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும், முதலில் விரைகள் பெரிதாகும், குரல் உடைவதும் மீசையும் பின்னால்தான். உயரம் வேகமாக ஏறுவது பெண்களுக்கு 12 வாக்கில், பையன்களுக்கு 14 வாக்கில், அதனால் ஏழாம் வகுப்புப் படத்தில் பெண்கள் எல்லோரும் ஒரு தலை உயரமாக நிற்பார்கள், குட்டைப் பையன் கவலைப்படுவான். 14 வரை எந்த மாற்றமும் இல்லை என்றால் மட்டும் காட்ட வேண்டும்.

தூக்கம் அடம் இல்லை. இந்த வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, தூக்கம் வரவைக்கிற ஹார்மோன் தாமதமாகச் சுரக்கிறது, ஆனால் தேவை 8 முதல் 10 மணி நேரம். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள், நீங்களும் போடுங்கள், அப்போதுதான் கேட்பான். யோசித்து முடிவெடுக்கிற முன்மூளை முற்றுவதற்கு 25 வயது வாக்கில் ஆகும், அதுவரை கோபமும் அவசரமும் முன்னால் நிற்கும். கதவைச் சாத்துவது சரி, ஆனால் பிடித்த விளையாட்டு, நண்பர்கள், சாப்பாடு எல்லாவற்றையும் வாரக்கணக்கில் விட்டுவிட்டால், சாவதைப் பற்றிப் பேசினால், அது வயசுக்கோளாறு இல்லை. உடனே உதவி தேடு. சைல்ட்லைனுக்கு 116 போட்டால் காசில்லாமல் பேசலாம், அவனே பேசலாம்.

டொங்காட்_தாத்தா

மல்லிகை, காவடி பற்றி ஒன்று. கோயில் வேலையில் பல வருஷம் இருந்தவன் சொல்கிறேன், வேண்டுதல் முருகனோடு, மார்போடு இல்லை. மஞ்சள் துண்டை இரண்டு தோளும் மூடப் போர்த்தி முன்னால் முடிச்சுப் போட்டுக்கொள்ளட்டும், எத்தனையோ பேர் அப்படி எடுத்திருக்கிறார்கள். இல்லை, இந்த வருஷம் பால்குடம் போதும் என்றால் பால்குடம் எடுக்கட்டும், காவடி அடுத்த வருஷம். அவனையே கேட்டு முடிவு செய். கோயிலில் யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.